நடு மாட்டுக்கு என்றால், அந்த நடுவையும் சோதியுங்கள்

பெறுநர்:
தலைவரும் உறுப்பினர்களும்,
மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு,
சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம்,
புதுதில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். தேவிபட்டினத்துக்கும் திருப்பாலைக்குடிக்கும் இடையில் எங்கள் ஊர். கிழக்கே திரும்பினால் கடல். மேற்கே திரும்பினால் நெல், மிளகாய், பருத்தி. கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றேன். டாக்டர் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் நின்று ஆட்டைப் பிடித்துக்கொடுக்கிற, தடுப்பூசி போடுகிற, நோட்டில் எழுதிவைக்கிற ஆள். ஊரில் என்னை ‘ஆட்டு டாக்டர்’ என்றே கூப்பிட்டார்கள், நானும் மறுத்ததில்லை. இப்போது வீட்டில் ஒன்பது கொடி ஆடுகளும் ஒரு பசுவும் நிற்கின்றன. கொடி ஆடுகளில் ஆறு கரும்போரை, மூன்று செம்போரை. இந்த விவரம் உங்களுக்குத் தேவையில்லைதான், ஆனாலும் ஆடு வைத்திருப்பவன் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டான்.

நெல்லைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: ‘அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு.’ அறுத்த தாளின் அடி மண்ணுக்கு உரம், நடுவில் இருக்கிற வைக்கோல் மாட்டுக்கு, நுனியில் இருக்கிற நெல் நமக்கு. எங்கள் ஊரில் எந்தப் பயிரும் முழுசாக வீட்டுக்கு வருவதில்லை. கடலையில் பருப்பு நமக்கு, கொடி மாட்டுக்கு. பருத்தியில் பஞ்சு வியாபாரிக்கு, கொட்டை மாட்டுக்கு, இலை ஆட்டுக்கு, செடி அடுப்புக்கு. கத்தரி காய்த்து ஓய்ந்தால் செடியை ஆட்டுக்குத்தான் திறந்துவிடுவோம்.

மரபணு மாற்றிய பயிர் ஒன்று அனுமதிக்காக உங்கள் மேசைக்கு வரும்போது, வீட்டுக்குப் போகிற நுனியைப் பற்றிக் கட்டுக் கட்டாகத் தாள்கள் வருகின்றன. ஆடுமாடு தின்கிற நடுவைப் பற்றி என்ன வருகிறது என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரபணு மாற்றம் என்றாலே விஷம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. புழு தாக்காதபடி மரபணு மாற்றிய பி.டி. பயிரில் இருப்பது மண்ணில் வாழ்கிற ஒரு பாக்டீரியாவின் புரதம். புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே இந்தப் புரதம் பிரிந்து, குடல் சுவரில் ஒட்டி, ஓட்டை போடுகிறது. நம் வயிற்றில் அமிலம் இருக்கிறது, அது ஒட்டுகிற இடமும் நம் குடலில் இல்லை. இதைப் படித்தேன், புரிந்தது, ஏற்றுக்கொள்கிறேன். என் கேள்வி வேறு.

2009 அக்டோபர் 14 அன்று உங்கள் குழு பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அப்போது உங்கள் பெயரே ‘ஒப்புதல் குழு’, அடுத்த வருடம்தான் ‘மதிப்பீட்டுக் குழு’ என்று மாற்றினார்கள். நான்கு மாதத்துக்குள், 2010 பிப்ரவரி 9 அன்று, அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். அதற்கு முன்னால் கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு என்று ஏழு ஊர்களில் மக்களைக் கூட்டிக் கேட்டார். தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. ஆனால் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்த மரபணுவை ஏற்றிய ரகங்களில் கோ 2, எம்.டி.யு. 1 என்று எங்கள் தோட்டத்துப் பெயர்களே இருந்தன.

அந்தக் கத்தரிக்காக நடந்த விலங்குச் சோதனைகளின் பட்டியலைப் பார்த்தேன். எலிக்கு 90 நாள். முயலுக்கும் வெள்ளாட்டுக்கும் 90 நாள். கறவை மாட்டுக்கு 42 நாள், கறிக்கோழிக்கு 42 நாள். கெண்டை மீனுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உழைக்காமல் விட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எலிக்குக் கொடுத்தது காயை உலர்த்திய பொடி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுத்ததும் காய். எங்கள் ஊரில் எந்த ஆட்டுக்கு யார் கத்தரிக்காய் வாங்கிப் போடுகிறார்கள்? சொத்தைக் காயைப் பசுவின் முன் கொட்டுவது உண்டு. ஆடு தின்பது இலையையும் கொழுந்தையும் தண்டின் பட்டையையும்தான். ஒரே செடியில் இலையில் இருக்கிற புரதத்தின் அளவு வேறு, காயில் இருக்கிற அளவு வேறு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்புறம் அந்த 90 நாள். எலிக்கு 90 நாள் சரி, உலகமே ஏற்றுக்கொண்ட முறை: ஒவ்வொரு பிரிவிலும் பத்து ஆண், பத்து பெண், ரத்தம், ஈரல், சிறுநீரகம் எல்லாம் பார்க்கிறார்கள். ஆட்டுக்கு? வெள்ளாடு சினைபிடித்து ஈனுவதற்கு 150 நாள் ஆகும். 90 நாள் சோதனை ஒரு ஈற்றைக்கூடப் பார்க்காது. ஆடு வளர்க்கிறவனுக்குக் குட்டிதான் கணக்கு. ஆடு தின்றதா, எடை ஏறியதா என்பது கசாப்புக்காரர் கேட்கிற கேள்வி. சினை நின்றதா, குட்டி நேரத்துக்கு விழுந்ததா, மடியில் பால் இறங்கியதா, அடுத்த ஈற்றுக்கு எத்தனை நாளில் சினைப்பருவத்துக்கு வந்தது என்பதுதான் நாங்கள் கேட்பது.

எலியை வைத்து ஆட்டைச் சொல்லவும் முடியாது. எலிக்கு ஒரே வயிறு. ஆட்டுக்கு நாலு அறை. முதல் அறையில் அமிலம் அதிகம் இல்லை, அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்கவைக்கின்றன. நாலாவது அறைக்குப் போனால்தான் நம் வயிறு மாதிரி. பருத்திக்கொட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காசிபால் என்ற நச்சு இயற்கையாகவே இருக்கிறது. மரபணு மாற்றாத கொட்டையிலும் உண்டு. மாடும் ஆடும் முதல் அறையிலேயே அதைப் பெரும்பாலும் அடக்கிவிடும். கோழிக்கும் எலிக்கும் அது முடியாது. ஒரே கொட்டை ஒன்றுக்குத் தீனி, இன்னொன்றுக்குக் கெடுதி. ஆகவே எலி பிழைத்தது என்ற செய்தி ஆட்டுக்காரனுக்குப் பாதிச் செய்திதான். எலி நோயுற்றது என்றாலும் அப்படியே.

என் நோட்டில் இருக்கிற ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். வருடமும் ஊரும் வேண்டாம்.

ஆடி மாதம். பருத்தி எடுத்து முடிந்த புஞ்சையில் செம்மறிக் கிடை ஒன்று மேய்ந்தது. இருநூறு உருப்படிக்கு மேல் இருக்கும், எல்லாம் ராமநாதபுரம் வெள்ளை. மறுநாள் விடியும் முன்னே கீதாரி, அதாவது கிடையின் தலைமை மேய்ப்பர், சைக்கிளில் வந்து வீட்டு வாசலில் நின்றார். போய்ப் பார்த்தால் ஏழு கிடக்கின்றன, இன்னும் நாலைந்து தள்ளாடுகின்றன. வாயில் நுரை. உடம்பு விடாமல் நடுங்குகிறது. கண்ணிமையைத் தூக்கினேன், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தது. துள்ளுமாரி நோய் என்றால் இப்படி இருக்காது. ஆட்டுக்கொல்லி நோய் இப்படி ஒரே ராத்திரியில் அடிக்காது. இது பூச்சிமருந்தின் அடையாளம். டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, கையில் இருந்த அட்ரோபின் என்ற நச்சு முறிவு ஊசியைத் தள்ளாடியவற்றுக்குப் போட்டோம். மூன்று எழுந்தன.

டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை செய்தார். நான் பிடித்துக்கொண்டேன். வயிற்றைத் திறந்தால் பருத்தி இலையும் காய்ந்த சப்பையும் உருண்டையாகக் கிடந்தன. ஈரல், சிறுநீரகம், வயிற்றில் இருந்த தீனி எல்லாவற்றையும் எடுத்து, செறிந்த உப்புக் கரைசலில் போட்டு, மூடி, முத்திரை வைத்து அனுப்பினோம். படிவத்தை நான்தான் நிரப்பினேன். விலங்கின் வகை, வயது, பால், இறந்த நேரம், தின்ற தீவனம். ‘தின்ற தீவனம்’ என்ற இடத்தில் ‘பருத்தி இலை’ என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற கீதாரி கேட்டார்: “எந்தப் பருத்தின்னு எழுதலையா சார்? இது கம்பெனி பி.டி. விதைதானே?”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எழுதியிருந்தாலும் அதைப் பார்த்துச் சோதிக்கிற ஏற்பாடு இருந்ததா என்பது அடுத்த கேள்வி. முடிவு வர மாதங்கள் ஆனது. வந்த தாளில் திட்டமாக ஒன்றும் இல்லை. அதற்குள் அவர் கிடையோடு மேற்கே போய்விட்டார்.

அந்த ஆடுகளைக் கொன்றது விதை என்று நான் நினைக்கவில்லை. மருந்துதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அட்ரோபினுக்கு எழுந்த ஆடு வேறெதற்குச் சாட்சி? ஆனால் அவர் கேட்டதற்கு ‘இல்லை, சோதித்துப் பார்த்தாயிற்று’ என்று சொல்ல என்னிடம் ஒரு தாள் இல்லை. ‘எனக்குத் தெரிந்தவரை இல்லை’ என்றேன். இழப்பில் நிற்கிற மனிதனுக்கு அது பதிலா?

2006-ல், இன்றைய தெலங்கானாவின் வாரங்கல் பக்கம் இதே கதை பெரிதாக நடந்தது. பி.டி. பருத்தி வயல்களில் மேய்ந்த செம்மறிகள் செத்தன என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பு, காரணம் பி.டி. புரதம் அல்ல, பூச்சிமருந்தும் நைட்ரேட்டும் போன்றவை என்றது. அந்த விளக்கம் சரியாக இருக்கலாம் என்பதுதான் என் அனுபவமும் சொல்வது. ஆனால் இந்தப் பருத்தி 2002 மார்ச்சில் அனுமதி பெற்றபோது ஆடு, மாடு, எருமை, கோழி, மீன் என்று கொடுத்துப் பார்த்தது கொட்டையையும் அதிலிருந்து வந்த தீவனத்தையும். வாரங்கல் ஆடு தின்றது இலையை. முதலிலேயே இலையையும் ஒரு பிரிவாக வைத்து ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால், நாலு வருடம் கழித்து வாதாட வேண்டியிருந்திருக்காது. இந்தச் சந்தேகத்தை ஆட்டுக்காரன் தானாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை, சோதனையில் விட்ட இடத்தில்தான் அது முளைத்தது.

கொட்டை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. உங்களில் தென் தமிழ்நாட்டுக்காரர் யாராவது இருந்தால் அவருக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பருத்திக்கொட்டை மாட்டுக்கு மட்டும் இல்லை. பருத்திப்பால் என்று ஒன்று உண்டு. ராத்திரி கொட்டையை ஊறவைத்து, காலையில் ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினால் வெள்ளையாகப் பால் வரும். துணியில் பிழிந்து, திரும்பத் தண்ணீர் விட்டு ஆட்டி, இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுப்பார்கள். அடுப்பில் வைத்து, கொஞ்சம் அரிசி மாவு கரைத்து விட்டு, சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, சுக்கும் ஏலமும் இடித்துப் போட்டு, தேங்காய்ப் பூவைத் தூவி இறக்கினால், தெருமுனை வரைக்கும் வாசம் வரும். சாயங்காலம் தள்ளுவண்டியில் விற்பார்கள். நெஞ்சுச் சளிக்கு நல்லது என்பார்கள். என் அம்மா பிள்ளை பெற்ற பெண்களுக்கு விடாமல் கொடுப்பாள்.

இந்தியாவில் இப்போது விளைகிற பருத்தியில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. அப்படியென்றால் தள்ளுவண்டியில் நான் குடிக்கிற பால் எந்தக் கொட்டையின் பால்? ‘இந்தியாவில் மரபணு மாற்றிய உணவுப் பயிர் எதுவும் சாகுபடிக்கு விடப்படவில்லை’ என்று செய்தித்தாளில் வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். சமையல் எண்ணெயிலும் பருத்திக்கொட்டை எண்ணெய் இருக்கிறது, ஆனால் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் தங்குவது சொற்பம் என்று விடலாம். பருத்திப்பாலில் அப்படி இல்லை, அது கொட்டையின் சாறே. நன்றாகக் கொதிக்கவைப்பதால் புரதம் சிதைந்துவிடும் என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் நம்பிக் குடிக்கிறேன். ஒரு குடுவை பருத்திப்பாலைச் சோதனைச்சாலையில் வைத்து, கொதிக்கும் முன் எவ்வளவு, கொதித்த பின் எவ்வளவு என்று அளந்து ஒரு வரி போடுவதற்கு எத்தனை நாள் ஆகும்? இதற்கு எலிகூட வேண்டாம்.

தீவனத்துக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் கோழித் தீவன விலை ஏறியபோது, மரபணு மாற்றிய சோயாவின் பிண்ணாக்கு 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அரசு வழிவிட்டது. எண்ணெய் எடுத்த சக்கையில் முளைக்கிற உயிர் எதுவும் இல்லை, ஆகவே சுற்றுச்சூழல் கோணத்தில் கவலை இல்லை என்று உங்கள் அமைச்சகம் சொன்னது. சரி, சக்கை முளைக்காது. ஆனால் அதைத் தின்கிற கோழி உயிரோடு இருக்கிறதே. மனிதர் உணவுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். தீவன மூட்டையை யார் பார்க்கிறார்கள்? எங்கள் கடற்கரையில் இறால் பண்ணைகள் இருக்கின்றன. இறால் தீவனத்திலும் சோயா உண்டு. மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், புரதம் இத்தனை சதம், கொழுப்பு இத்தனை சதம், ஈரப்பதம் இத்தனை சதம் என்று இருக்கிறது. எந்தச் சோயா என்று இல்லை.

இதனால் கெடுதல் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. வந்ததா வரவில்லையா என்று பின்னால் தேடிப் பார்க்கவே வழியில்லை என்கிறேன். மூட்டையில் பெயர் இல்லை, என் படிவத்தில் கட்டம் இல்லை, அப்புறம் எதை வைத்துத் தேடுவது?

இந்த இடத்தில் என் நண்பர்கள் சிலர், “அந்தப் பிரெஞ்சுக்காரர் எலிகளுக்குக் கட்டி வந்ததைக் காட்டினாரே, அதை எழுதுங்கள்” என்பார்கள். மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை எலிக்குக் கொடுத்து செராலினி 2012-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்கிறார்கள். 200 எலிகள், இரண்டு வருடம், ஒரு பிரிவுக்குப் பத்து. அந்த இன எலிக்கு வயதானால் தானாகவே கட்டி வரும். அந்தப் பத்திரிகை 2013-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அடுத்த வருடம் வேறு பத்திரிகை வெளியிட்டது. அப்புறம் ஐரோப்பிய ஒன்றியம் காசு கொடுத்து இரண்டு வருடச் சோதனையைப் பெரிதாக நடத்தியபோது அப்படி ஒன்றும் வரவில்லை. ஆகவே அந்தப் படங்களை எனக்கு அனுப்பாதீர்கள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் பட்டாணி. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் பட்டாணியில் வண்டு விழாமல் இருக்க, பீன்ஸிலிருந்து ஒரு மரபணுவை எடுத்து ஏற்றியது. பத்து வருட உழைப்பு. சுண்டெலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது அதன் நுரையீரலில் ஒவ்வாமை மாதிரி வீக்கம் வந்தது. 2005-ல் அதை வெளியிட்டு, பட்டாணியைக் கைவிட்டார்கள். பிறகு 2013-ல் வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது, மரபணு ஏற்றாத பீன்ஸுக்கும் சுண்டெலி அதே மாதிரி காட்டியது என்றார்கள். யார் சரி என்பதை விடுங்கள். முதல் முறை பார்த்தவர்கள் சும்மா தின்னக்கொடுத்து எடை பார்க்கவில்லை. இந்தப் புரதம் ஒவ்வாமை தருமா என்று குறிப்பாக ஒரு கேள்வியோடு போனார்கள். அதனால் குறிப்பாக ஒரு பதில் கிடைத்தது. கேள்வி இல்லாமல் 90 நாள் தின்னவைத்துப் பார்ப்பதால் புதிதாகத் தெரிவது கொஞ்சம்தான் என்று ஐரோப்பாவில் அதை நடத்திப் பார்த்தவர்களே எழுதிவிட்டார்கள். எனக்கும் எலிகளைக் கூடுதலாகக் கொல்லச் சொல்ல மனசில்லை. ஆட்டை அறுத்துப் பார்த்தவன் நான், அது ஒன்றும் இன்பமான வேலை இல்லை.

ஒப்பிடுவதைப் பற்றி எங்கள் கீதாரிகளுக்கே ஒரு முறை தெரியும். புதுத் தழை ஒன்றைச் சந்தேகப்பட்டால் கிடை முழுக்கப் போடமாட்டார்கள். ஒரு தாய்க்குப் பிறந்த இரட்டைக் குட்டியில் ஒன்றுக்குப் போட்டு, மற்றதற்குப் பழைய தழை போடுவார்கள். இரண்டும் ஒரே ரத்தம், ஒரே பால், ஒரே பட்டி. வித்தியாசம் வந்தால் தழைதான் காரணம். உங்கள் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: மரபணு மாற்றிய ரகத்தை, அது எந்த ரகத்திலிருந்து வந்ததோ அதே ரகத்தோடு, ஒரே மண்ணில் விளைவித்து ஒப்பிட வேண்டும். நல்லது. ஆனால் அந்த இரட்டைக் குட்டிகளை யார் மேய்க்கிறார்கள்? விதை விற்கப்போகிறவரே காசு கொடுத்து, அவரே ஆள் பிடித்து, அவரே தாளைக் கட்டிக் கொண்டுவந்து உங்களிடம் வைக்கிறார். அவர் பொய் சொல்வார் என்று சொல்லவில்லை. கிடாய் விற்கிறவனே அதன் வயதுக்குப் பல் பார்த்துச் சொன்னால் சந்தையில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக நெல். எங்கள் கரையோரக் கேணிகளில் தண்ணீர் கரிக்கிறது. மழை தவறிய வருடம் வயலில் உப்புப் பூக்கும். குழியடிச்சான் மாதிரி உவரைத் தாங்குகிற பழைய நெல் எங்களிடம் உண்டு, மகசூல்தான் குறைவு. 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். அதில் பூசா டி.எஸ்.டி. நெல் 1 என்பது வறட்சியையும் உப்பையும் தாங்குமாம். எம்.டி.யு. 1010 ரகத்திலிருந்து வந்தது. கேட்டதும் எங்கள் ஊருக்கென்றே செய்ததுபோல இருந்தது. சந்தோஷம்தான்.

ஆனால் இந்த வகை நெல் உங்கள் மேசைக்கே வராது. வெளி மரபணு எதுவும் தங்காத இந்தத் திருத்தத்துக்கு 2022 மார்ச் 30 அன்று உங்கள் அமைச்சகமே விலக்குக் கொடுத்துவிட்டது. செய்கிற நிறுவனத்திலேயே இருக்கிற பாதுகாப்புக் குழு பார்த்தால் போதும். அந்நிய மரபணு இல்லை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உப்புள்ள மண்ணில் தாக்குப்பிடிக்கிற நெல், அந்த உப்பை எங்கே வைத்துக்கொள்கிறது? வேரிலேயே நிறுத்துகிறதா, தாளில் ஏற்றுகிறதா? தாளில் ஏறினால் அது என் பசுவின் வைக்கோல். இது மரபணு பயத்தில் கேட்கிற கேள்வி இல்லை, எந்த உவர் நெல்லுக்கும் கேட்க வேண்டியது, குழியடிச்சானுக்கும்தான். கறவை மாட்டுக்கு ஒரு ஈற்று முழுக்க அந்த வைக்கோலைப் போட்டு, பாலையும் சினையையும் பார்த்து எழுதிய தாள் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் விதை எங்கள் தாலுகாவுக்கு வரும் முன்னே செய்யுங்கள்.

‘வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதை இந்தக் கடற்கரை ஒருமுறை பார்த்திருக்கிறது. கப்பாபைகஸ் என்ற கடற்பாசி 1980களில் ஆய்வுக்காக இந்தியாவுக்கு வந்தது, 1990களில் மண்டபத்துக்கு வந்தது. 2000-க்குப் பிறகு வியாபாரமாக வளர்த்தார்கள். ஊரில் பெப்சி பாசி என்றே பெயர். இது மரபணு மாற்றியது இல்லை, வெளியூர்ச் சரக்கு, அவ்வளவுதான். மூங்கில் மிதவையில் கட்டியது கட்டிய இடத்தில் இருக்கும் என்று சொன்னார்கள். 2008-ல் குருசடைத் தீவின் பவளப்பாறைமேல் அது படர்ந்து கிடப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தப் பாசியால் எங்கள் பெண்கள் பலர் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இன்று வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, கவலைப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆகவே கேட்பது இதுதான். எந்தப் பயிர் உங்களிடம் வந்தாலும், அதன் எந்த உறுப்பை எந்த விலங்கு எங்கள் ஊர்களில் தின்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். அந்த உறுப்பை, அந்த விலங்குக்கு, குறைந்தது ஒரு சினை முடிகிற வரைக்கும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காசை விண்ணப்பதாரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சோதிக்கிற இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள். மூட்டையில் பெயர் போடவையுங்கள். பரிசோதனைக்கு அனுப்புகிற படிவத்தில் ‘தின்ற தீவனம்’ என்பதற்குக் கீழே ‘ரகம்’ என்று ஒரு கட்டம் சேர்க்கும்படி கால்நடைத் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

தாள்களை நாங்கள் பார்க்கும்படி வையுங்கள். 2016-ல் மரபணு மாற்றிய கடுகுக்காகக் கருத்துக் கேட்டபோது சுருக்கத்தை மட்டும் இணையத்தில் போட்டுவிட்டு, முழு ஆவணத்தைப் பார்க்க வேண்டுமானால் நேரம் வாங்கிக்கொண்டு தில்லி அலுவலகத்துக்கு வரச் சொன்னீர்கள். ஒரு மாதம் கெடு. ராமநாதபுரத்திலிருந்து தில்லிக்குப் போய்த் திரும்ப ரயிலிலேயே நாலைந்து நாள் போய்விடும். ஆட்டை யாரிடம் விட்டுவிட்டு வருவது? சுருக்கம் இருந்தது ஆங்கிலத்தில். கீதாரிக்கு எலி ரத்தத்தின் கணக்கு வேண்டாம். ‘ஆட்டுக்கு இலையைக் கொடுத்துப் பார்த்தோம், இத்தனை ஆடு, இத்தனை நாள், இத்தனை குட்டி, இத்தனை செத்தது’ என்று தமிழில் ஒரு பக்கம் போதும். அதை வைத்து அவர் என்னைவிட நன்றாகக் கேள்வி கேட்பார்.

முடிந்தால் உங்களில் யாராவது ஒருவர் நேரில் வாருங்கள். பருத்தி எடுத்து முடிந்து ஆடியில் கிடை இறங்கும்போது வந்தால், ஆடு செடியில் எதை முதலில் கடிக்கிறது என்று வரப்பில் நின்றே பார்க்கலாம். முதலில் கொழுந்து, அப்புறம் எடுக்காமல் விட்ட பிஞ்சுக்காய், அப்புறம் இலை, எல்லாம் தீர்ந்தால் பட்டை. ஆவணி பிறந்துவிட்டால் செடியைப் பிடுங்கி விறகுக்குக் கட்டிவிடுவார்கள், அதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
திருப்பாலைக்குடி பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.